கண்ணை மூட மறுத்த பையன்: நெல்லைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மூச்சுப் பயிற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒரு மேல்நிலைப்பள்ளியில் 2024–25 கல்வியாண்டில் நடந்தது இது. நான் அங்கே ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். பள்ளியின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இதில் வராது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். யோகா, மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சையும் நடப்பதையும் கவனித்து மனசை நிறுத்தும் பயிற்சி) என்று பள்ளிகளில் இப்போது நிறையப் பேர் ஆரம்பிக்கிறார்கள், அவர்களுக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு விதமான ஊர்களிலிருந்து வருகிறார்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிற ஊர்கள் ஒரு பக்கம். தாமிரபரணி ஆற்றுக்கு வடக்கே, மழையை நம்பி விதைத்துவிட்டு மீதி நேரமெல்லாம் பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர்கள் இன்னொரு பக்கம். பாதிப் பேர் டவுன் பஸ்ஸில்தான் வருவார்கள். அந்த பஸ்ஸில் நடப்பது அப்படியே வகுப்புக்குள் வந்து உட்காரும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கூடப் படித்த மாணவர்களே ஒரு பட்டியலினப் பையனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, சாதி அடையாளம் காட்டும் மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் பள்ளிகளில் தடை செய்யச் சொன்ன அறிக்கை அது. நாங்கள் யோகா வகுப்பு தொடங்கியதும் அதே ஜூனில்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது ஸ்டாஃப் ரூமில் யாரும் நினைக்கவில்லை.

ஜூன்: வகுப்பு தொடங்கியது

ஜூன் 21, யோகா தினம். 2014-ல் ஐ.நா. அறிவித்து 2015-லிருந்து கொண்டாடுகிறார்கள், எல்லாப் பள்ளியிலும் அன்று ஒரு நாள் கூத்தாக முடிந்துவிடும். எங்கள் தலைமையாசிரியருக்கு அப்படி விட மனசில்லை. உள்ளூரில் ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர், பல வருடமாக யோகா பழகியவர், சம்பளமே வேண்டாம் என்று வர சம்மதித்தார். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் அவருக்குக் கொடுத்தோம். பிள்ளைகள் ‘யோகா சார்’ என்றார்கள். ரிஷிகேசத்தில் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்தது இதோ இந்தப் பத்தமடையில்தான், மலேயாவில் டாக்டராக இருந்தவர் அவர் என்று யோகா சார் அடிக்கடி சொல்வார். அந்தப் பெருமிதத்தில் அவர் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகளும் கேட்டார்கள்.

வேப்பமரத்தடியில் கோரைப்பாய் விரித்து, சூரிய நமஸ்காரம், வஜ்ராசனம், நாடி சுத்தி (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சு விடுவது), கடைசியில் பத்து நிமிஷம் சவாசனம். கண்ணை மூடி, அசையாமல். ஆரம்பத்திலும் முடிவிலும் ஓங்காரம். இரண்டாவது வாரமே ஒரு பையனின் அப்பா வந்தார், “பயிற்சி வேண்டாம்னு சொல்ல வரல சார், நல்லதுதான். அந்த மந்திரம் மட்டும் எங்க வீட்டுக்கு ஒத்து வராது” என்றார். நியாயமான பேச்சு. பாளையங்கோட்டையைச் சுற்றி எத்தனை சர்ச், மேலப்பாளையத்தில் எத்தனை பள்ளிவாசல், எல்லா வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. ஓங்காரத்தை எடுத்துவிட்டோம், சூரிய நமஸ்காரத்துக்குப் பதில் சாதாரணமாகக் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி வைத்தோம். யோகா சாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மூச்சு யாருக்கும் பொது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

கவனித்தது

பதினாலு வயசுப் பையன் ஒருவன். எட்டாம் வகுப்பு வரைக்கும் அவன்மேல் பெரிய புகார் எதுவும் இல்லை. ஒன்பதில் வந்ததும் எல்லா ஆசிரியரும் சொன்ன ஒரே வார்த்தை, திமிர். கேட்டால் பதில் சொல்ல மாட்டான், பக்கத்தில் யாராவது பென்சில் எடுத்தால்கூடச் சட்டென்று கை ஓங்குவான், மூன்றாவது பீரியடில் மேஜையில் தலை வைத்துத் தூங்குவான், எழுப்பினால் அடிக்க வருகிற மாதிரி எழுந்திருப்பான்.

யோகா வகுப்பில் அவன் செய்தது வேறு விதம். ஆசனம் வரைக்கும் நன்றாகச் செய்வான், உடம்பு வில்லாக வளையும். சவாசனம் என்றதும் எல்லாரும் படுப்பார்கள், அவன் மட்டும் பாயை இழுத்துக்கொண்டு போய் மரத்தில் முதுகு சாய்த்து உட்காருவான். கண் மூடாது, வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். ரொம்பச் சொன்னால் எழுந்து குழாயடிக்குப் போய்விடுவான்.

ஆடி மாதம், ஊர்களில் அம்மன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா, நடக்கிற சமயம். ஒரு நாள் அவன் உட்கார்ந்திருக்கும் கூன் சரியாகட்டும் என்று யோகா சார் பின்னாலிருந்து தோளைத் தொட்டார். அவன் திரும்பிய வேகத்தில் முழங்கை பட்டு அவருடைய கண்ணாடி தெறித்துவிட்டது. வேண்டுமென்று செய்ததில்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் முகம் வெளுத்துப்போய், கை நடுங்கிக்கொண்டு நின்றான். ஆனால் ஸ்டாஃப் ரூமில் பேச்சு டி.சி. வரைக்கும் போனது.

அதே வகுப்பில் ஒரு பெண்பிள்ளை சவாசனத்தில் படுத்தாலே சத்தமில்லாமல் அழுதாள். வளர்த்த ஆச்சி இறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு டீச்சர் தினமும் அவளோடு சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார், மெல்ல மெல்லச் சரியானாள். அசையாமல் கிடக்கும்போது உள்ளே அமுக்கி வைத்தது மேலே வரும் என்பதற்காக அவளையும் இங்கே சொல்கிறேன். அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நாற்பது பிள்ளைகளைக் கண் மூடிப் படுக்க வைப்பது சரியில்லை.

பேசிப் பார்த்தது

தலைமையாசிரியர் எடுத்த முதல் முடிவு, டி.சி. பேச்சை நிறுத்துவது. “முதல்ல அவன்கிட்ட யாராவது பேசினீங்களா” என்று கேட்டார். யாரும் பேசியிருக்கவில்லை, திட்டியதுதான். வகுப்பாசிரியர் என்பதால் என் பொறுப்பில் விட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்தோம். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் நாள் கண்ணாடியைப் பற்றியே கேட்காமல், “கண்ண மூடுனா என்னலே செய்யுது ஒனக்கு?” என்றேன்.

கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டுச் சொன்னான்: “பின்னாடி யாரு நிக்கான்னு தெரியாதுல்லா சார்.”

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. காலை பஸ்ஸில் கடைசி சீட் பிளஸ் டூ பையன்கள் சிலருக்கு ‘சொந்தம்’. கொடைக்குக் கட்டிய ஒரே நிறக் கயிறு அவர்கள் கையில். இவன் கையில் அந்தக் கயிறு இல்லை, இவன் கட்டவும் முடியாது. இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கிவிடுவான், பின்னாலிருந்து பொடதியில் (பிடரியில்) ஓர் அடி விழும், திரும்பிப் பார்த்தால் எல்லாரும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தினமும் இல்லை, எப்போது விழும் என்று தெரியாது. தினமும் விழுந்தால்கூட உடம்பு பழகிவிடும், இப்படி எப்போது என்று தெரியாமல் விழுவதுதான் ஆளை அறுக்கும் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பையன்களில் இருவரின் தம்பிகள் இவன் வகுப்பிலேயே, யோகாவில் இவனுக்குப் பின் வரிசையில்.

பஸ்ஸில் ஏன் தூங்குகிறான்? அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா கேரளாவில் வேலை, பணம் ஒழுங்காக வருவதில்லை. ஆயிரம் பீடி சேர்த்துக் கடையில் கொடுத்தால்தான் அன்றைக்குக் கூலி. சுளகில் (முறத்தில்) இலையும் தூளும் வைத்து அம்மா சுற்றச் சுற்ற, இவன் பக்கத்தில் உட்கார்ந்து முனை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டுப் போடுவான். பதினொன்றரை, பன்னிரண்டு ஆகும். அதற்குப் பிறகு தூக்கம் வராமல் செல்போன். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்தால்தான் பஸ்.

அம்மாவை வரச் சொன்னோம். தலைமையாசிரியர் முன்னால் நாற்காலியில் உட்காரவே தயங்கினார். “நான் வேண்டாம்னுதான் சொல்லுதேன் சார். ‘நீ தூங்குத வரைக்கும் நானும் இருக்கேன்’ங்கான். எய்யா நீ படிய்யான்னா கேக்கவா செய்யுதான்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திமிர் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தது இந்தப் பிள்ளையைத்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பதின்ம வயதில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். இவனுக்கு அதில் பாதிதான் கிடைத்தது. யோகாவைவிடத் தூக்கம்தான் முதலில் வேண்டியிருந்தது. யோகா பீரியட் இரண்டிலும் நூலகத்தில் பெஞ்சில் படுத்துத் தூங்க அனுமதி கொடுத்தார் தலைமையாசிரியர். சில ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை, தப்பு செய்தவனுக்குச் சலுகையா என்றார்கள். ஒரு மாதம் பார்ப்போம் என்று அவர் உறுதியாக நின்றார். வீட்டில், ஒன்பது மணிக்கு மேல் பையன் சுளகுப் பக்கம் வரக்கூடாது என்று அம்மாவும் அவனும் எங்கள் முன்னால் பேசி முடித்தார்கள். மடக்கும் வேலையைச் சித்தி பங்கு போட்டுக்கொண்டார். கூலியில் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் இழப்புதான், அதை மறைத்துச் சொல்லக்கூடாது.

பஸ் விஷயம் கஷ்டமானது. பிளஸ் டூ பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு அடித்து மிரட்டினால் அடி பஸ்ஸிலிருந்து ஊருக்குப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கயிறு எந்த நிறமானாலும், யார் கையிலானாலும் பள்ளிக்குள் கிடையாது என்று எல்லாருக்கும் பொதுவாக முடிவு செய்தோம். அதற்கு முன் இரண்டு பக்கத்து ஊர்ப் பெரியவர்களையும் ஒரே நாளில், ஒரே மேஜையில் உட்கார வைத்து தலைமையாசிரியர் பேசினார். சாமிக் கயிறு என்று ஒருவர் சொன்னார். கொடை முடிந்ததும் வீட்டிலேயே அவிழ்த்து வைக்கட்டும், பள்ளியில் கத்திரிக்கோல் எடுக்க மாட்டோம் என்றார் தலைமையாசிரியர். பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தி அறுத்திருந்தால் அந்த அவமானமே அடுத்த சண்டைக்கு விதையாகியிருக்கும். கூடவே, காலை பஸ்ஸில் முறை வைத்து ஓர் ஆசிரியர் வருவது என்று ஏற்பாடு. அடித்த பையன்களின் பெற்றோரை அழைத்து, நடந்ததை எழுதி, கையெழுத்தும் வாங்கினோம்.

அடுத்தது பயிற்சியையே மாற்றியது. மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வந்த உளவியலாளர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து பேசினார். ஆபத்து வரும் என்று காத்திருக்கிற உடம்பில் இதயம் ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், அந்த உடம்பிடம் மூச்சை உள்ளே இழுத்து அடக்கு என்றால் படபடப்பு கூடத்தான் செய்யும். மூச்சை வெளியே விடும்போதுதான் மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும், அதனால் விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருக்கட்டும் என்றார். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது, அவ்வளவுதான். அடக்கல் கிடையாது. கண் திறந்திருக்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், வேண்டாம் என்றால் மைதானத்தை மெதுவாகச் சுற்றி நடக்கலாம். கேட்காமல் யாரும் யாரையும் தொடக்கூடாது, யோகா சார் உட்பட. வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுகள் வேண்டாம் என்று அந்தப் பயிற்சியையே எடுத்துவிட்டோம்.

இதற்கு நடுவில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் எல்லாருக்கும் கட்டாயமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. உளவியலாளர் இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வைச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தலைமையில் நடந்தது, 11 முதல் 14 வயது வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், 2022-ல் முடிவுகள் வெளியாயின. வகுப்பு முழுவதுக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் சொல்லிக் கொடுத்ததில், வழக்கமாக அங்கே நடக்கும் மனநலப் பாடத்தைவிடக் கூடுதல் பலன் ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்யவே இல்லை. ஏற்கெனவே மனக்கஷ்டத்தில் இருந்த சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்ற அறிகுறிகூட இருந்தது. பலன் ஓரளவு தெரிந்தது சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களிடம், அவர்களுடைய சோர்வு கொஞ்ச காலத்துக்காவது குறைந்திருந்தது. இதைக் கேட்டபின் கட்டாயம் என்ற பேச்சு நின்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியடில் மூன்று நிமிஷம், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் மாலையில் அரை மணி நேரம் என்று வைத்தோம். முதல் இரண்டு வாரம் ஆசிரியர்கள் மட்டும் செய்தோம்.

அப்புறம் நடந்தது

சத்தம் முதலில் குறைந்தது ஆசிரியர்களிடம்தான். மதியம் வெயிலில் வகுப்புக்குள் நுழைந்ததும் “ஏலே” என்று கத்துவதற்கு முன்னால் மூன்று நிமிஷம் கிடைத்தது, அதுவே பெரிய வித்தியாசம்.

பையன் நூலகத்தில் மூன்று வாரம் அசந்து தூங்கினான். நூலகர் அம்மா மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைப்பார். காலாண்டுத் தேர்வு சமயத்தில் ஒரு நாள் தானாகவே வேப்பமரத்தடிக்கு வந்தான். யோகா சார் எதுவும் சொல்லாமல் மரத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு பாய் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவன் கண்ணைத் திறந்தபடியே செய்தான். கட்டைவிரலை விரல் கணுக்களில் நகர்த்தி நகர்த்தி மூச்சை எண்ணினான், பீடிக்கட்டு எண்ணி எண்ணிப் பழகிய கை. கண்ணாடி உடைந்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்டானா என்று சிலர் கேட்டார்கள். வாயால் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பாய்களைச் சுருட்டி அடுக்குவது அவன் வேலையாகிவிட்டது.

ஐப்பசி மழையில் ஒரு நாள், வகுப்பில் ஒருவன் இவன் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல, இவன் அடித்துவிட்டான். உதடு கிழிந்தது. எல்லாம் வீணாகப் போச்சு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கோபம் வரும், மூச்சுப் பயிற்சி அதை இல்லாமல் ஆக்காது, ஆக்கவும் கூடாது. இரண்டு பேரையும் விசாரித்தோம், சொன்னவனுக்கும் தண்டனை உண்டு, அடித்தவனுக்கும் உண்டு. அன்று ஒரு மாற்றம் இருந்தது: அடித்துவிட்டு அவன் பள்ளியை விட்டு ஓடவில்லை, நேராக என்னிடம் வந்து, “சார், அடிச்சிட்டேன்” என்றான்.

அரையாண்டுக்குப் பிறகு மேஜையில் தூங்குவது அநேகமாக நின்றது. கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். சவாசனத்தில் இன்றும் படுப்பதில்லை, நாங்கள் படுக்கச் சொல்வதும் இல்லை. வகுப்பில் மற்றவர்களைப் பார்த்தால், பெரும்பாலானவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை என்பதுதான் உண்மை. பரீட்சைப் பயத்தில் வயிறு வலிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இவனுக்கு உதவியது தூக்கமா, பஸ்ஸில் ஆசிரியர் வந்ததா, கயிறு போனதா, மூச்சா என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் பஸ்ஸில் அடி தொடர்ந்திருந்தால் எந்த மூச்சும் அவனைக் காப்பாற்றியிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிவாங்குகிற பிள்ளையை அமைதியாக இருக்கப் பழக்குவதற்கு யோகா என்று பெயர் வைக்கக்கூடாது.

அடுத்த வருடத்துக்கு மாற்றியவை

பாய் விரிப்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி: ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய், பள்ளிக்கு எப்படி வருகிறாய், வரும் வழியில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா. எழுதித் தரலாம், பெயர் போடாமலும் தரலாம். இதை ஜூன் முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியர்கள் செய்கிறார்கள்.

அசையாமல் படுக்கும் பயிற்சி, உளவியலாளர் வருகிற நாளில் மட்டும். மற்ற நாளில் உட்கார்ந்தோ நடந்தோதான். பெண்பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் கூடவே இருப்பார். குழந்தைகள் உதவி எண் 1098-ம், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ம் குழாயடிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம். அலுவலகத்துக்கு வெளியே எழுதினால் பிள்ளைகள் நின்று படிக்கத் தயங்குகிறார்கள், தண்ணீர் குடிக்கிற இடத்தில் நிற்பது இயல்பு.

தண்டனையாக யோகா கொடுப்பதில்லை என்றும் எழுதி வைத்தோம். சண்டை போட்டவனைப் பிடித்துப் பத்து நிமிஷம் கண் மூடி உட்கார வைப்பது நடுவில் ஓரிரு வகுப்பில் நடந்தது. அப்படிச் செய்தால் அந்தப் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சியும் முட்டி போடுவதும் ஒன்றாகிவிடும்.

மாலை பஸ்ஸுக்கு இன்னும் ஆள் ஏற்பாடு முழுசாக ஆகவில்லை. காலையில் முறை வைத்துப் போகிற ஆசிரியர்களில் பலருக்கு வீடு வேறு திசையில். இப்போதைக்கு வாரத்தில் இரண்டு நாள் தலைமையாசிரியரே கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வருகிறார், மீதி நாளுக்கு அந்த ஊர்களின் பெற்றோர்களிடமிருந்து இருவரைக் கேட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர், பஸ்ஸில் அடித்த பையன் ஒருவனின் அப்பா. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.